உள்ளே போவது யார்?



மலர்க் குழு நண்பர்கள், "ஏதாவது வரலாறு எழுதிக் கொடுங்கள், ஆனால் மாணவர்களும் படிக்கிற மாதிரி இருக்கட்டும்" என்று கேட்டார்கள். ராஜராஜன் காலத்து வரலாறு எழுத நம்மிடையே தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் மெஷின் ஷாப்பில் கிரீஸ் கையோடு வளர்ந்தவன். எனக்குத் தெரிந்தது இயந்திரங்களின் வரலாறுதான். அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் இங்கே சொல்கிறேன். விபத்து, நிலநடுக்கம், அணு உலைக் கசிவு என்று ஏதாவது நேரும்போது, மனிதன் நுழைய முடியாத இடத்துக்குள் நுழைவதற்காகச் செய்யப்பட்ட இயந்திரங்களின் கதை இது. அதாவது பேரிடர் ரோபோக்கள்.

ரோபோ என்றதும் எங்கள் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் அதில் வந்த ஜீனோ என்ற நாய்க்குட்டியும்தான். பேசும், படிக்கும், கிண்டல் செய்யும். ஆனால் நிஜத்தில் பேரிடர் இடங்களில் வேலை பார்த்த ரோபோக்கள் எவையும் பேசியதில்லை. பெரும்பாலும் டாங்கி மாதிரி செயின் சக்கரம், ஒரு கேமரா, ஒரு விளக்கு, பின்னால் நீளமான ஒரு கேபிள், அவ்வளவுதான். பார்த்தால், "இதுக்கா இவ்வளவு காசு?" என்றுதான் கேட்கத் தோன்றும்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். 1920-இல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் ஒரு நாடகம் எழுதினார். அதில் வரும் செயற்கை மனிதர்களுக்கு 'ரோபோ' என்று பெயர். அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் கட்டாய ஊழியம். நம் பக்கத்தில் பழைய காலத்தில் 'அமஞ்சி' என்பார்களே, கூலி இல்லாமல் ஊருக்கும் அரண்மனைக்கும் செய்தே தீர வேண்டிய வேலை, அதுதான். இந்த அர்த்தத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆபத்தான வேலைக்கு மனிதனுக்குப் பதிலாக இயந்திரத்தை அனுப்பியதில் பெயர் பெற்ற ஆரம்ப உதாரணம் 1972-இல் வட அயர்லாந்தில் நடந்தது. கார்களில் வெடிகுண்டு வைக்கும் காலம் அது. குண்டைச் செயலிழக்கச் செய்யப் போன ராணுவ வீரர்கள் பலர் உயிரிழந்தார்கள். பீட்டர் மில்லர் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, தோட்டத்தில் மண் சுமக்கிற மின்சாரத் தள்ளுவண்டியின் அடிச்சட்டத்தை வாங்கி, அதைத் தூரத்திலிருந்தே இயக்கும்படி மாற்றினார். அதற்கு 'வீல்பேரோ', அதாவது தள்ளுவண்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தது இல்லை. கடையில் கிடைத்த சாமானை வைத்துச் செய்தது. ஆனால் அதன் வாரிசுகள் இன்றும் உலகமெங்கும் வேலை பார்க்கின்றன. நம் டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய 'தக்ஷ்' ரோபோவும் இதே வேலைக்குத்தான்.

அடுத்தது அணு உலை. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலையில் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகியது. கட்டடத்தின் அடித்தளத்தில் கதிரியக்கத் தண்ணீர் தேங்கியது. அங்கே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூட ஆள் போக முடியாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் விட்டேக்கர் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் ஒரு ஆறு சக்கர வண்டியைச் செய்தார்கள். 1984-இல் அது கேபிளில் தொங்கியபடி அந்த அடித்தளத்துக்குள் இறங்கிப் படம் பிடித்துக் காட்டியது. பின்னால் வந்த வண்டிகள் சுவரைத் துளைத்து மாதிரி எடுத்தன. விபத்து நடந்தது 1979, ரோபோ உள்ளே போனது 1984. நடுவில் ஐந்து வருஷம்! மூன்று மைல் தீவில் பொறுத்திருக்க அவகாசம் இருந்தது. ஆனால் எல்லா விபத்தும் அப்படிக் காத்திருக்காதே!

காத்திருக்காத விபத்து 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் நடந்தது. நான்காவது உலை வெடித்தபோது அதன் உள்ளே இருந்த கிராஃபைட் கட்டிகளும் எரிபொருள் துண்டுகளும் பக்கத்து மூன்றாவது உலையின் கூரை மேல் வந்து விழுந்தன. அவற்றைத் திரும்ப உலைக்குள் தள்ளினால்தான் மேலே மூடி கட்ட முடியும். கூரையின் பகுதிகளுக்கு மாஷா, காத்யா, நீனா என்று பெண் பெயர்கள் வைத்திருந்தார்கள். மாஷாதான் மிக மோசமான பகுதி.

முதலில் இயந்திரங்களைத்தான் அனுப்பினார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து 'ஜோக்கர்' என்ற ரோபோ வந்தது. கூரையில் இறங்கியது, சீக்கிரமே நின்றுபோனது. சோவியத்தில் நிலாவுக்கு லூனோகோட் ஊர்தியைச் செய்து அனுப்பிய அதே நிறுவனம், அந்த அனுபவத்தை வைத்து அவசர அவசரமாக 'எஸ்.டி.ஆர்-1' என்ற ரோபோவைச் செய்து கொடுத்தது. அது கொஞ்சம் வேலை பார்த்தது. நிலா மண்ணில் ஓடிய வண்டியின் தம்பிக்குக்கூட அந்தக் கூரை தாங்கவில்லை. கதிர்வீச்சில் மின்னணுச் சாதனங்கள் கெட்டன. உடைந்த குழாய்களிலும் இடிபாட்டிலும் சக்கரம் மாட்டிக் கொண்டது.

பிறகு என்ன செய்தார்கள்? மனிதர்களை அனுப்பினார்கள். 1986 செப்டம்பரில் ஜெனரல் நிக்கொலாய் தரக்கானோவ் தலைமையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அந்தக் கூரை மேல் ஏறினார்கள். ஈயத் தகட்டை வெட்டி மார்பிலும் முதுகிலும் கட்டிக்கொண்டு, கையில் ஒரு மண்வாரி. ஒருவருக்குக் கொடுத்த நேரம் சில பகுதிகளில் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. ஓடு, ஒரு வாரு, தூக்கிப் போடு, திரும்பி ஓடு. அத்தோடு அவர் வேலை முடிந்தது. அவர்களுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'பயோ-ரோபோ', அதாவது உயிருள்ள ரோபோ. கட்டாய ஊழியம் என்று பொருள்படும் சொல்லை மனிதனிடமிருந்து எடுத்து இயந்திரத்துக்குக் கொடுத்தோம். செர்னோபில் கூரையில் அது சுற்றி வந்து மறுபடி மனிதன் தலையிலேயே விழுந்தது.

பேரிடர் ரோபோக்களின் வரலாற்றில் இதைவிட முக்கியமான பாடம் வேறில்லை என்று நினைக்கிறேன். தயாராக ஒரு இயந்திரம் இல்லையென்றால் அந்த வேலை நின்று போவதில்லை. யாராவது ஒரு மனிதனை அதற்குள் அனுப்பிவிடுகிறார்கள். அவன் பெரும்பாலும் 'முடியாது' என்று சொல்ல வழியில்லாதவன்.

அடுத்த திருப்பம் 1995. அந்த ஒரே வருஷத்தில் இரண்டு சம்பவங்கள். ஜனவரி 17 அன்று ஜப்பானில் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்தில் ஒரு அரசுக் கட்டடத்தைக் குண்டு வைத்துத் தகர்த்ததில் 168 பேர் பலியானார்கள். இரண்டு இடத்திலும் மீட்புப் படையினர் கான்கிரீட் குவியலின் மேல் நின்றுகொண்டு, உள்ளே யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாமல் தவித்தார்கள். இதைப் பார்த்து ஜப்பானில் சதோஷி ததோகொரோவும் அமெரிக்காவில் ராபின் மர்ஃபி என்ற பெண் பேராசிரியரும் தங்கள் ஆராய்ச்சியை இந்தப் பக்கம் திருப்பினார்கள். மர்ஃபியின் மாணவரான ராணுவ அதிகாரி ஜான் பிளிட்ச், ஓக்லஹோமாவுக்கே போய் வந்தவர்.

ஆறு வருஷம் கழித்து, 2001 செப்டம்பர் 11. நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் சரிந்தன. பிளிட்ச், மர்ஃபி குழுவினர் ரோபோக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். இடிபாட்டுக்குள் தேடுவதற்கு ரோபோக்களைப் பயன்படுத்திய முதல் சம்பவம் அதுதான் என்று சொல்வார்கள். அங்கே அதிகம் உழைத்தவை செருப்புப் பெட்டி அளவுள்ள சிறிய வண்டிகள். குழாய்களுக்குள் விட்டுப் பார்ப்பதற்காகக் கனடாவில் ஒரு கம்பெனி செய்து வந்தவை. ஆளோ நாயோ நுழைய முடியாத பொந்துகளுக்குள் அவை போய் வந்தன. உயிரோடு யாரையும் அவை கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் அந்த நாட்களில் கற்றுக்கொண்டது நிறைய. ஒரு ரோபோவுக்கு ஒரு ஆள் போதாது, ஓட்ட ஒருவர், படத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். தூக்கமில்லாத ஆபரேட்டர் எதிரில் இருப்பதைக்கூடக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார். சுருக்கமாகச் சொன்னால், ரோபோவை வாங்குவது சுலபம், அதைப் புழங்கத் தெரிந்த கூட்டத்தை உருவாக்குவதுதான் கஷ்டம்.

இப்போது ஜப்பான். ரோபோ என்றால் ஜப்பான் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அதனால் 2011 மார்ச் 11 அன்று 9.0 அளவு நிலநடுக்கமும் சுனாமியும் வந்து ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் மூன்று உலைகள் உருகியபோது, "ஜப்பான்காரன் ரோபோவை அனுப்பிச் சரி செய்துவிடுவான்" என்று உலகமே எதிர்பார்த்தது. ஆனால் உலைக் கட்டடங்களுக்குள் முதலில் நுழைந்தவை அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு 'பேக்பாட்' ரோபோக்கள், அதுவும் ஏப்ரல் 17 அன்றுதான். வீட்டுத் தரையைப் பெருக்கும் வட்ட ரோபோவைச் செய்த அதே கம்பெனியின் தயாரிப்பு. கதவைத் திறந்து உள்ளே போய்க் கதிர்வீச்சை அளந்தன.

ஜப்பானிடம் ஏன் தயாராக ஒன்று இல்லை? இதில்தான் பெரிய வேதனை இருக்கிறது. 1999 செப்டம்பர் 30 அன்று தொகைமுரா என்ற ஊரில் அணு எரிபொருள் ஆலையில் விபத்து நடந்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகு ஜப்பான் அரசு சுமார் 300 கோடி யென் செலவு செய்து அணு விபத்து ரோபோக்களைச் செய்ய வைத்தது. பெரிய கம்பெனிகள் செய்தும் கொடுத்தன. அதற்குள், "நம் நிலையங்களில் அப்படிப்பட்ட விபத்து நடக்காது, இவை தேவைப்படாது" என்று முடிவாயிற்று. பராமரிப்பு நின்றது, பயிற்சி நின்றது. பத்து வருஷம் கழித்து வேண்டியபோது எதுவும் கைக்கு உதவவில்லை. வருமுன் காப்பதற்காகச் செய்த கருவியை, வராது என்ற நம்பிக்கையே தின்றுவிட்டது.

கோபேக்குப் பிறகு இடிபாட்டில் தேடுவதற்காக உருவாக்கிய 'குவின்ஸ்' என்ற ரோபோவை அவசரமாக மாற்றி 2011 ஜூனில் உள்ளே அனுப்பினார்கள். அது மாடிப்படி ஏறி மேல் தளங்களைப் பார்த்து வந்தது. அக்டோபரில் இரண்டாவது உலைக் கட்டடத்தில் அதன் கேபிள் மாட்டி அறுந்தது. அங்கேயே நின்றுவிட்டது. 2015-இல் முதல் உலைக்குள் போன பாம்பு வடிவ ரோபோ மூன்று மணி நேரத்தில் சிக்கிக் கொண்டது. 2017 பிப்ரவரியில் தேள் வடிவ ரோபோ, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அதே வருஷம் ஜூலையில் முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குட்டி நீச்சல் ரோபோ மூன்றாவது உலைக்குள் நீந்திப்போய், உருகிய எரிபொருள் போலத் தெரிந்ததைப் படம் பிடித்தது. 2024 நவம்பரில் தொலைநோக்கி மாதிரி நீளும் ஒரு கருவி, இரண்டாவது உலையிலிருந்து உருகிய எரிபொருளில் ஒரு துண்டை வெளியே கொண்டு வந்தது. எடை 0.7 கிராம்! உள்ளே இருப்பதோ சுமார் 880 டன் என்பது மதிப்பீடு. படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் கவனியுங்கள், சிக்கிக் கொண்டதும் அறுந்து போனதும் நின்று போனதும் எல்லாமே இயந்திரங்கள். அந்த இடத்தில் ஒரு மனிதனை ஓடவிட்டு ஒரு வாரு வாரச் சொல்லவில்லை. செர்னோபில் கூரைக்கும் ஃபுகுஷிமா உலைக்கும் நடுவில் மனித குலம் நகர்ந்த தூரம் அதுதான்.

சரி, இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம்ம ஊரில்? நம்ம ஊர்க் கதை ஆழ்துளைக் கிணற்றில் இருக்கிறது.

2014-இல் சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த மூன்று வயதுக் குழந்தையை, மதுரைக்காரர் ஒருவர் சொந்த முயற்சியில் வடிவமைத்த கருவியை இறக்கி உயிரோடு தூக்கினார்கள். கேமராவும் பிடித்துக்கொள்ளும் கைகளும் கொண்ட எளிய கருவிதான். ஊரே கொண்டாடியது. ஐந்து வருஷம் கழித்து, 2019 அக்டோபர் 25 அன்று, மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. பல ஊர்களிலிருந்து கருவிகளோடு குழுக்கள் வந்தன. குழந்தை இன்னும் ஆழத்துக்குச் சரிந்தது. பக்கத்தில் இன்னொரு குழி தோண்டலாம் என்று ரிக் வண்டிகளைக் கொண்டு வந்தால், கீழே கடும் பாறை. திருச்செங்கோடு ரிக் வண்டிகள் நாடெங்கும் கிணறு போடுகிற மாநிலம் இது. அந்தப் பாறை அசைந்து கொடுக்கவில்லை. அந்த வருஷம் தீபாவளியைத் தமிழ்நாடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து கழித்தது. 29-ஆம் தேதி அதிகாலையில் உடலைத்தான் எடுக்க முடிந்தது.

கருவி ஒரு இடத்தில் ஜெயித்தது, இன்னொரு இடத்தில் தோற்றது. துளையின் அகலம், ஆழம், குழந்தை மாட்டியிருக்கும் விதம் எல்லாமே வேறுபடும். அதற்காகத்தான் பல வகைக் கருவிகளும் விடாத பயிற்சியும் வேண்டியிருக்கிறது. ஆனால் இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே விதிமுறை வகுத்துக் கொடுத்திருந்தது. ஆழ்துளைக் கிணற்று விபத்துக்கு உலகத்திலேயே சிறந்த தொழில்நுட்பம் ஒரு இரும்பு மூடியும் நாலு போல்ட்டும்தான். ரோபோ அதற்குப் பிறகுதான்.

இயந்திரமா மனிதனா என்ற பட்டிமன்றத்துக்கு 2023-இல் உத்தரகாண்டில் நல்ல பதில் கிடைத்தது. நவம்பர் 12 அன்று சில்க்யாரா சுரங்கப் பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே மாட்டினார்கள். ஆறு அங்குலக் குழாய் வழியாக விட்ட எண்டோஸ்கோப் கேமராதான் 21-ஆம் தேதி அவர்கள் முகங்களை நாட்டுக்குக் காட்டியது. துளையிடும் பெரிய ஆகர் இயந்திரம் முக்கால்வாசிக்கு மேல் போய், இன்னும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருக்கும்போது உடைந்து சிக்கியது. பிளாஸ்மா கட்டர் கொண்டு வந்து அதை வெட்டி எடுத்தார்கள். மிச்சத்தை எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள் 12 பேர் குழாய்க்குள் மண்டியிட்டுக் கையால் தோண்டினார்கள். 28-ஆம் தேதி இரவு, பதினேழாவது நாளில், 41 பேரும் வெளியே வந்தார்கள். கேமராவும் ஆகரும் இல்லாமல் கடைசிப் பன்னிரண்டு மீட்டருக்கு வந்திருக்க முடியாது. கை இல்லாமல் அதைக் கடந்திருக்கவும் முடியாது. ஆனால் அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் நம் சமூகத்தில் எந்த இடத்தில் இருப்பவர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த யோசனைதான் என்னை இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குக் கொண்டு வருகிறது. அணு உலையும் சுரங்கமும் எப்போதோ நடப்பவை. நம் தெருவில் இருக்கும் பாதாளச் சாக்கடைக் குழிகளிலும் செப்டிக் டேங்குகளிலும் விஷவாயு தாக்கி மனிதர்கள் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1993-க்குப் பிறகான அரசுக் கணக்குகளில் இந்தச் சாவுகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. 2013-இல் சட்டம் வந்தது, பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம் என்று. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. சட்டம் இருக்கிறது, பணம் இருக்கிறது, குழிக்குள் ஆளும் இருக்கிறான். ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போன இரண்டாமவரும் மூன்றாமவரும் விழுகிற செய்தியை எத்தனை தடவை படித்திருப்போம்! 'பயோ-ரோபோ' என்று சோவியத் ராணுவம் பெயராவது வைத்தது. நாம் பெயர்கூட வைக்காமல் இறக்கிவிடுகிறோம்.

இதற்கு இயந்திரம் இல்லையா? இருக்கிறது. 2015-இல் கோழிக்கோட்டில் குழிக்குள் விழுந்த இரண்டு தொழிலாளர்களைக் காப்பாற்றக் குதித்த ஆட்டோ டிரைவரும் சேர்ந்து மூவரும் மாண்டார்கள். அந்தச் செய்தியால் உலுக்கப்பட்ட கேரளத்துப் பொறியியல் கல்லூரி இளைஞர்கள் சிலர், 2018-இல் 'பாண்டிகூட்' என்ற சாக்கடைக் குழி ரோபோவைக் கொண்டு வந்தார்கள். பாண்டிகூட் என்றால் நம்ம பெருச்சாளி! சென்னை ஐ.ஐ.டி.யில் செப்டிக் டேங்குக்குள் கத்திகளைச் சுழலவிடும் 'ஹோமோசெப்' கருவி உருவானது. அது ஒரு மாணவரின் இறுதியாண்டு புராஜெக்டாகத் தொடங்கியது என்பதை இங்கே படிக்கும் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும். மில்லரின் தள்ளுவண்டியைப் போலவே இவையும் ஒரு கேள்வியிலிருந்து பிறந்தவை: "உள்ளே போவது யார்?"

எனவே மாணவர்களே, இறுதியாண்டில் புராஜெக்ட் தேடும்போது, காசு கொடுத்து ரெடிமேடாக வாங்குகிற மாடலை விட்டுவிட்டு, உங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அங்கே இருப்பவர்களிடம், "அண்ணே, எந்த வேலைக்கு இறங்க உங்களுக்குப் பயம்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில்தான் உங்கள் புராஜெக்ட். செய்ததை அவர்கள் கையிலேயே கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டத் தெரியாத கருவி மூலையில்தான் கிடக்கும், தொகைமுராவுக்குப் பிறகு செய்தவை கிடந்த மாதிரி.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறோம், தொழிற்சாலைகளில் பொறுப்பில் இருக்கிறோம். ஒரு லேத்தும் ஒரு வெல்டிங் செட்டும் சனி ஞாயிறில் இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்திருந்தால் போதும். ஒரு கருவியைச் செய்து முடித்தவுடன் கைதட்டிவிட்டுப் போகாமல், அடுத்த வருஷம் அதைச் சரிபார்க்கவும் பேட்டரி மாற்றவும் சங்கத்திலிருந்து ஒரு தொகை ஒதுக்குவோம். விபத்து வராது என்று நாம் நினைக்கிற வருஷங்களில்தான் அந்தப் பணத்துக்கு மதிப்பு அதிகம்.

நம் கல்லூரியின் பெயர் தாங்கிய ஒரு கருவி, ஏதோ ஒரு தெருவில், ஒரு குழிக்குள் இறங்கட்டும். இறங்க வேண்டியிருந்த மனிதர் மேலே நின்று வேடிக்கை பார்க்கட்டும். அடுத்த சந்திப்பு மலரில் அந்தச் செய்தியை ஒரு தம்பியோ தங்கையோ எழுத வேண்டும், நாம் எல்லோரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!